பைக் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி: எது முதல்ல கெட்டுப்போகும்?

போன வாரம் வீடியோவில் முதல் வேலை, முதல் சம்பளம் பற்றிப் பேசியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகளில் நிறைய பைக் பற்றித்தான். "ராயபுரத்திலிருந்து மணலிக்கு தினமும் ஷிப்ட் போகணும், 150 சிசி எடுக்கலாமா, 350 எடுக்கலாமா?" "மைலேஜ் எது நல்லா தரும்?" "டவுன் பேமெண்ட் எவ்வளவு கட்டலாம்?" எல்லாமே சரியான கேள்விகள்தான். ஆனா ஒருத்தர்கூட, "இந்த வண்டியில எது முதல்ல கெட்டுப்போகும், அதைச் சரிபண்ண எவ்வளவு ஆகும்?"னு கேட்கலை.

என் முதல் வண்டி வாங்கும்போது நானும் கேட்கலை. கம்பெனி பேரு வேண்டாம். காசிமேடு பக்கம் வீடு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வேலை. போகிற தூரம் மொத்தமே நாலு கிலோமீட்டர். ஒன்றரை வருஷத்தில் சைலன்சரின் அடிப்பக்கம் ஓட்டை விழுந்துவிட்டது. வண்டி அப்போது வாரண்டியில்தான் இருந்தது. ஷோரூமில் வாரண்டி புத்தகத்தைத் திறந்து, துரு பிடித்தால் வாரண்டி கிடையாது என்ற ஒரு வரியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

கல்மண்டபத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். "இன்னா தம்பி, கடலாண்ட வண்டிய வச்சுக்கினு, நாலு கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்துனா சைலன்சர் இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். அப்புறம் அவர் சொன்ன விளக்கம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கு. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் ஆவியும் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் முழுசா சூடாகி அந்த ஆவி வெளியே போய்விடும். கொஞ்ச தூரத்தில் நிறுத்தினால் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தங்கும். அது வடிவதற்காகச் சில சைலன்சர்களில் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். என் வண்டியில் அந்தத் துளை இருந்தது, ஆனால் பள்ளமான இடத்தில் இல்லை, கொஞ்சம் மேலே இருந்தது. உள்ளே தண்ணீர், வெளியே உப்புக் காத்து. ரெண்டு பக்கமும் தின்றுவிட்டது. புது சைலன்சருக்கு 4,600 ரூபாய். அப்போ என் சம்பளம் 14,000.

ஒரு துளையை அரை அங்குலம் கீழே போட்டிருந்தால் வராத செலவு அது. கோயம்புத்தூரில் தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருத்தருக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாமல் போயிருக்கலாம். ஆன்லைனில் அந்த வண்டிக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார். பொய்யில்லை. அவங்க ஊரில் நாலரைதான்.

சரி, குறையே இல்லாத வண்டியாப் பார்த்து வாங்கலாமேன்னு கேட்பீங்க. அப்படி ஒண்ணு கிடையாது. இதைப் புரிஞ்சுக்க நம்ம ஏரியாவைவிட நல்ல இடம் இல்லை.

திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டின் பழைய ஃபேக்டரியைக் கடந்து போயிருப்பீங்க. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. அடுத்த வருஷம் திருவொற்றியூரில் ஃபேக்டரி. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டினாங்க. அந்த வருஷ முடிவுக்குள் 163 புல்லட். அப்புறம் இங்கிலாந்துக் கம்பெனி மூடியே போச்சு, நம்ம ஊரில் மட்டும் அதே புல்லட் பல பத்து வருஷம் ஓடிக்கிட்டே இருந்தது.

அந்தப் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டைப் பற்றி அப்பா காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்க. பெருமையா ஆரம்பிச்சு, அடுத்த நிமிஷம் குறையைச் சொல்லுவாங்க. நிறுத்துற இடத்தில் ஆயில் சொட்டும். கிக்கரைத் தப்பா அடித்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிடும். அம்மீட்டர் முள்ளை நடுவில் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துத்தான் உதைக்கணும். கியர் வலது பக்கம். நியூட்ரல் கிடைக்காது என்பதால் அதைத் தேடிக் கொடுக்கத் தனியா ஒரு லீவரே வைத்திருந்தாங்க! டிசைனில் குறை இருக்குன்னு கம்பெனியே ஒத்துக்கிட்டு, அதற்கு ஒரு லீவர் கொடுத்த மாதிரிதான் அது.

ஆனாலும் அந்த வண்டியை நம்பிப் போலீஸ் ஓட்டியது, ராணுவம் ஓட்டியது, ஊர்ப் பெரியவங்க ஓட்டினாங்க. எப்படி? குறை என்னன்னு எல்லோருக்கும் தெரியும். சரிபண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார். பார்ட்ஸ் புதுப்பேட்டையில் கிடைத்தது. காலையில் விட்டால் சாயங்காலம் வண்டி கைக்கு வந்துவிடும்.

நான் பைக்கைப் பார்க்கிற கணக்கே இதுதான். குறை இருக்கா இல்லையா என்பது ரெண்டாவது. அந்தக் குறை எல்லோருக்கும் தெரிஞ்சதா, அதைத் தொட எவ்வளவு பிரிக்கணும், பார்ட்ஸ் வர எத்தனை நாள் ஆகும்? இந்த மூணும்தான் உங்க பர்ஸைத் தொடுகிற விஷயம்.

அதே கம்பெனியிலேயே இன்னொரு உதாரணம். 2008-க்குப் பிறகு வந்த யூசிஇ எஞ்சினில் ஆயில் கசிவு, கிக்கர் தொல்லை எல்லாம் நல்லாவே குறைஞ்சது. ஆனால் மெக்கானிக்குகள் நடுவில் புதுசா ஒரு பேர் அடிபட ஆரம்பித்தது: ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் விலகிக்கொள்ளும் ஒருவழி கிளட்ச் அது. பேட்டரி வீக்கா இருக்கும்போது திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால், எஞ்சின் பாதி சுற்றி எதிர்ப்பக்கம் உதைக்கும். அந்த அடி நேரா இதன் மேல் விழும். பாகம் சின்னதுதான், ஆனால் அது எஞ்சின் கவருக்கு உள்ளே இருக்கு. ஆயிலை இறக்கி, கவரைத் திறந்து, உள்ளே போகணும். பேட்டரியைச் சரியான நேரத்தில் மாற்றியிருந்தால் தப்பிச்சிருக்கலாம். கேபிள் அறுந்தால் அரை மணி நேர வேலை. எஞ்சினைத் திறந்தால் ரெண்டு நாள். பாகத்தின் விலையை மட்டும் கேட்டுட்டு வராதீங்க, அதுகிட்ட போகிற வழியையும் கேளுங்க.

அடுத்து, புது மாடல் ஆசை. இதில்தான் சம்பளக்காரங்க அதிகமா மாட்டிக்கிறாங்க.

2021 செப்டம்பர் 1-ஆம் தேதி புது கிளாசிக் 350 வந்தது. முற்றிலும் புது எஞ்சின், புது சேசிஸ். அதே டிசம்பரில் கம்பெனி 26,300 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரானவை, பின்னால் டிரம் பிரேக் உள்ள சிங்கிள் சேனல் ஏபிஎஸ் மாடல்கள். பின் பிரேக்கை மிக அழுத்தமா மிதித்தால், அந்த விசையைத் தாங்குகிற பிராக்கெட் சேதமாகி, பிரேக் சத்தம் போட்டு, போகப் போகப் பிடிப்பும் குறையலாம் என்று சோதனையில் தெரிய வந்தது. யாரிடம் இருந்தது அந்த வண்டிகள்? முதல் நாளே புக் பண்ணிக் காத்திருந்து எடுத்தவங்களிடம்.

அதே வருஷம் மே மாதம் இன்னொரு ரீகால். மீட்டியார், கிளாசிக், புல்லட் மாடல்களில் மொத்தம் 2,36,966 வண்டிகள். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை தயாரானவற்றில் இக்னிஷன் காயில் சந்தேகம். மிஸ்ஃபயர் ஆகலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்கூட ஆகலாம். பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளில்தான் மாற்ற வேண்டியிருக்கும்னு கம்பெனியே மதிப்பிட்டது. ரெண்டும் வேற வேற ரகம் என்பதைக் கவனிங்க. பிராக்கெட் விஷயம் புது டிசைனின் குறை, காத்திருந்தால் தப்பிக்கலாம். காயில் விஷயம் ஒரு பேட்ச் பாகத்தின் குறை. பழகின மாடல் எடுத்தாலும் மாட்டும்.

ஒரு கம்பெனியை மட்டும் குறை சொல்கிறேன்னு நினைக்காதீங்க. 2024-ல் சுசுகி சுமார் 3.88 லட்சம் ஸ்கூட்டர்களை (ஆக்சஸ், அவெனிஸ், பர்க்மேன்) இக்னிஷன் காயில் வயர் பிரச்சினைக்காகத் திரும்ப அழைத்தது. என்னைக் கேட்டால், வெளிப்படையா ரீகால் பண்ணுகிற கம்பெனி மேல் எனக்கு மரியாதைதான். சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, வராதவனை அப்படியே விட்டுடுறதுதான் மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தப்படி, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி அரசே உத்தரவிடலாம். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் அமலில் இருக்கு. ரீகால் வேலைக்கு உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. சேசிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டோ, சர்வீஸ் சென்டரில் சொல்லியோ பார்த்துக்கலாம். செகண்ட் ஹேண்டில் எடுக்கிறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க. முதல் ஓனர் வீடு மாறி, நம்பர் மாறி, கம்பெனி அனுப்பின தகவலே அவருக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.

அதனால் என் பழக்கம்: புது எஞ்சின், புது சேசிஸ் என்றால் குறைஞ்சது ஆறு மாசம் பொறுங்க. ஆயுத பூஜை ஆஃபர் அடுத்த வருஷமும் வரும்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கடலோரத்தில் இருக்கிறவங்க ஸ்போக் வீலா, அலாய் வீலானு அழகை வைத்து முடிவு பண்ணாதீங்க. ஸ்போக் கம்பியும் அதன் நிப்பிளும் உப்புக் காத்தில் துரு பிடித்து இறுகிடும், அப்புறம் வளைவு எடுக்கும்போது உடையும். பெரும்பாலும் ட்யூப் டயரும்கூட. கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற ரோட்டில் ஆணி ஏறினால் ட்யூப்பில் காத்து சட்டுனு இறங்கும். ட்யூப்லெஸ் என்றால் மெதுவா இறங்கும், பஞ்சர் கடை வரைக்கும் போயிடலாம். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு எண்ணூரிலிருந்து வர்றவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். அதே மாதிரி முன் ஃபோர்க் குழாயில் உப்பு தின்ற சின்னச் சின்னப் புள்ளி விழுந்தால், அது ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். சீல் மாற்றினாலும் மறுபடி கசியும். முழுசா மூடின செயின் கவர் பார்க்க அழகா இருக்காது. நம்ம ஊர் மணலுக்கு அதுதான் நல்லது.

மழையை மறக்க முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் எத்தனை வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. இங்கேதான் இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுறாங்க. புது பைக் எடுக்கும்போது அஞ்சு வருஷ இன்சூரன்ஸ்னு சொல்லுவாங்க. அந்த அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். உங்க வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான கவர் பெரும்பாலும் முதல் ஒரு வருஷம்தான். அதை ரெனியூ பண்ணலைனா, வெள்ளத்தில் போன வண்டிக்கு ஒரு ரூபாய் வராது. கவர் இருந்தாலும், முழுகின வண்டியைச் செல்ஃப் அடித்துப் பார்க்காதீங்க. தண்ணீர் எஞ்சினுக்குள் போய் உடைந்தால், எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் கிளெய்ம் நிற்பது கஷ்டம்.

இப்போ காசுக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைஞ்சதால், ஷோரூம் விலையைப் பார்த்து ஆசை வருவது சகஜம். ரெண்டு வண்டி வச்சுக்குவோம். முதல் வண்டிக்கு இஎம்ஐ மாசம் 300 ரூபாய் குறைவு. 36 மாசத்தில் 10,800 மிச்சம். ஆனா அதற்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லை, வருஷம் ஒருமுறை பார்ட்ஸுக்கு ஆறு நாள் காத்திருக்கணும். ஷேர் ஆட்டோ, பஸ்னு நாளைக்கு 100 வச்சால் 600. நேரத்துக்குப் போக முடியாமல் ரெண்டு ஷிப்ட் போனால் 1,800. ரிப்பேர் 2,500. மொத்தம் 4,900, மூணு வருஷத்தில் 14,700. மிச்சம்னு நினைத்த வண்டி 3,900 ரூபாய் அதிகம் தின்னுடுச்சு. உங்க ஷிப்ட் கூலி, உங்க பஸ் செலவைப் போட்டு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. இஎம்ஐ கட்ட முடியுமானு பார்க்கும்போது, கூடவே மாசம் 500 ரூபாய் தனியா ஒதுக்க முடியுமானும் பாருங்க. முடியலைனா அந்த வண்டி உங்களுக்கு ஒரு சைஸ் பெருசு.

செகண்ட் ஹேண்டில் எடுத்தால் ஹெட்லைட்டைக் கழற்றிப் பாருங்க. உள்ளே சேறு கோடு போட்டிருந்தால் அது முழுகின வண்டி. வயர் கனெக்டரில் பச்சை படிந்திருந்தால் கரண்ட் தொல்லை வரிசையா வரும். சீட்டுக்கு அடியில் பாருங்க. சைலன்சரின் அடியில் விரலால் தட்டிப் பாருங்க, சத்தம் மாறும் இடத்தில் தகடு மெலிந்திருக்கும். ஆர்சியில் கடன் குறிப்பு நீங்கியிருக்கானும் பார்த்துடுங்க.

புது வண்டியோ பழசோ, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க தெரு மெக்கானிக்கைப் பாருங்க. "பாய், இந்த மாடல் உங்ககிட்ட எதுக்காக அதிகமா வருது?"ன்னு மட்டும் கேளுங்க. ரெண்டு நிமிஷத்தில் சொல்லிடுவார். அந்த மாடலே அவரிடம் வந்ததில்லை என்றால், அது நல்ல வண்டியா, இல்லை வெளியில் யாருக்கும் கை வைக்கத் தெரியாத வண்டியானு அதையும் கேட்டுக்குங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்க, சாயங்காலம் கூட்டமா இருக்கும். டீ வாங்கிக்கொடுக்க மறந்துடாதீங்க.