சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகள்

கேள்வி: அறிவியலில் பெண்கள் குறைவு என்ற ஆய்வுகளை ஊரறியச் சொன்னால், சிறுமிகள் மனம் தளர மாட்டார்களா?

பதில்: பாதியைச் சொன்னால் தளரக்கூடும், அதனால்தான் முழுவதையும் சொல்லவேண்டும் என்கிறேன். 1966 முதல் 1977 வரை, ஏறக்குறைய 5,000 குழந்தைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி ஆராய்ந்தார் டேவிட் சேம்பர்ஸ். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர் மட்டுமே, அத்தனை பேரும் சிறுமிகள். இதோடு நிறுத்தினால் மாற்ற முடியாத விதிபோலத் தோன்றும். ஆனால், அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த கட்டுரை, 1980களிலிருந்து சராசரியாக 28 சதவீதக் குழந்தைகள் பெண் விஞ்ஞானியை வரைந்ததாகக் காட்டுகிறது. முன்னேற்றத்தை மட்டும் சொல்வதும் நேர்மையல்ல. அதே கட்டுரையின்படி, ஆறு வயதுச் சிறுமிகளில் பெரும்பாலோர் பெண்ணை வரைகிறார்கள், பதினாறு வயதிலோ பெரும்பாலோர் ஆணை வரைகிறார்கள். அந்தப் பத்தாண்டுகளில் பாடநூலும் வீடும் வகுப்பறையும் எதைக் கற்பிக்கின்றன என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்க, இந்த எண்கள் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.