டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டிக் கணினி

கேள்வி: பழைய காரில் ரேடியோவைக் கழற்றிவிட்டு ராஸ்பெர்ரி பை 4 பொருத்த ஆசை. பாட்டும் மேப்பும் போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மொபைல் சார்ஜர் மாட்டி ஓட்டலாமா?

பதில்: ஓடும், நிம்மதியாக ஓடாது. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். சாதாரண சார்ஜர் திணறும். திரை மூலையில் மின்னல் குறி தெரிந்தால் வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். 12 வோல்ட்டை 5 ஆக்கும் நல்ல பக் கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

பெரிய ஆபத்து சாவியை அணைக்கும் நொடியில்தான். கரன்ட் சட்டென்று போனால் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் சிதையலாம். மறுநாள் பை எழுந்திருக்காமலும் போகலாம். அதனால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நிரந்தர லைன் ஒன்றை இழுங்கள். சாவியோடு வந்துபோகும் ஏசிசி லைன் வெறும் சிக்னலாக இருக்கட்டும். அது நின்றதும் பை தானே ஷட்டவுன் ஆகும்படி அமையுங்கள்; சற்றுப் பொறுத்து டைமர் ரிலே கரன்டைத் துண்டிக்கும். தயவுசெய்து ஏசிசி லைனின் 12 வோல்ட்டை நேராகப் பையின் ஜிபிஐஓ பின்னில் கொடுக்காதீர்கள். அது தாங்குவது 3.3 வோல்ட்தான். நடுவில் ஆப்டோகப்ளர் அவசியம்.

வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டு கொதிக்கும். திரை மட்டும் முன்னால் இருக்கட்டும். போர்டைக் காற்றோட்டமான கீழ்ப்பகுதியில், ஏர்பேக் விரியும் வழியை விட்டு விலக்கி வையுங்கள்.