புழுக்கையை மோந்து புழுவைப் பிடிக்கும் குளவி

தென்னை மட்டை தீயில் கருகினது போலக் காய்ந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? போன கோடையில் எங்கள் தோட்டத்து ஆறு மரமும் அப்படித்தான் ஆச்சு. தாத்தா "வெயில் காந்தல்" என்றார். அப்பா ஒரு மட்டையை வெட்டித் திருப்பிக் காட்டினார். கீற்றின் அடியில் நூலும் தூளுமாக நீளக் கூடு, உள்ளே கருந்தலைப் புழு. அந்தத் தூள் வேறொன்றுமில்லை, புழுவோட புழுக்கைதான். பச்சையம் முழுவதையும் சுரண்டித் தின்றுவிடுகிறது.

இதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி, குளவி விடுவது. "பூச்சியை ஒழிக்க இன்னொரு பூச்சியா?" என்று தாத்தா சிரித்தார்.

இது கொட்டுகிற வீட்டுக் குளவி இல்லை. பெயர் கோனியோசஸ் நெஃபாண்டிடிஸ். எறும்பு அளவுதான், கருப்பு நிறம். புழுவைக் கொட்டி அசையாமல் செய்து, அதன் உடம்பு மேலேயே முட்டை இடும். குஞ்சுகள் புழுவை உறிஞ்சி வளரும். தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும்!

சரி, அவ்வளவு உயரத்தில், கீற்றுக்கு அடியில், கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் புழுவை இது எப்படிக் கண்டுபிடிக்கும்? வாசனைதான். புழு தன் வீட்டைப் புழுக்கையால் கட்டுகிறதல்லவா, அதுவே காட்டிக் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரு உயிர் வெளியிட்டு, வேறு இன உயிருக்கு லாபமாகும் வேதிப்பொருளுக்குக் கைரோமோன் என்று பெயர். 1971-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மக்காச்சோளப் புழுவின் புழுக்கையிலிருந்து அப்படி ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் தடவிய இடத்தில் புழுவே இல்லாவிட்டாலும் குளவி உணர்கொம்பால் தட்டித் தட்டித் தேடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1990-இல் லூயிஸ், தகாசு என்ற இரண்டு பேர் செய்த சோதனை. வெனிலா, சாக்லேட் என இரண்டு வாசனை. ஒன்றைச் சர்க்கரைத் தண்ணீரோடும், மற்றதைப் புழுவோடும் சேர்த்துக் குளவிக்குப் பழக்கினார்கள். பசியாக இருக்கிற குளவி சாப்பாட்டு வாசனைக்குப் போச்சு. வயிறு நிறைந்த குளவி புழு வாசனைக்குப் போச்சு. நம்மை மாதிரியே பாடம் படிக்கிறது!

இதில்தான் ஒரு சிக்கல். ஆய்வகத்தில் இந்தக் குளவியை நெல் அந்துப்பூச்சியின் புழு மேல்தான் வளர்க்கிறார்கள். தென்னந்தோப்பு வாசனையே தெரியாமல் பிறந்தது. அதனால் விடுவதற்கு முன் தேன் கொடுத்து, கருந்தலைப் புழுவின் கூட்டு வாசனையையும் காட்டிவிட்டால் நன்றாகத் தேடும். தேன் எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மேலே சொன்ன சோதனையைப் படித்த பிறகு புரிந்தது.

ஹெக்டேருக்கு 3000 குளவி கணக்கு. கொண்டையில் விடக்கூடாது, சிலந்தி பிடித்துத் தின்றுவிடும். அடிமரத்தில் விட வேண்டும், தானே ஏறிப் போகும். மருந்து அடித்த கையோடு விட்டால் குளவியும் செத்துப்போகும்.

எங்கள் மரத்திலும் விட்டோம். காய்ந்த மட்டை காய்ந்ததுதான், அது திரும்பப் பச்சையாகாது. புது மட்டைகள் இதுவரை நன்றாக வருகின்றன. ஒரு கீற்றுக்கு அடியில் சுருங்கிப்போன புழுத்தோலும், பக்கத்தில் சின்னச் சின்னக் குளவிக் கூடுகளும் இருந்தன. இப்போதெல்லாம் தாத்தா மட்டையை எரிப்பதற்கு முன்னால் ஒருதரம் திருப்பிப் பார்க்கிறார்.

– 9-ஆம் வகுப்பு மாணவன், கம்மாபுரம்