வெண்புள்ளியும் பிறர் பார்வையும்

வெண்புள்ளியால் உடலுக்கு வலி இல்லை. உயிருக்கும் ஆபத்து இல்லை. ஆயினும் சிகிச்சைக்கு வருவோரில் பலர் மருந்தைப் பற்றிக் கேட்குமுன், "இது வெளியே தெரியாதிருக்க வழி உண்டா?" என்றே எங்களிடம் கேட்கின்றனர்.

தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாக அழிப்பதால் வெண்புள்ளி உண்டாகிறது. அது தொட்டாலும் உடன் உண்டாலும் ஒட்டாது. தொழுநோயோ பாக்டீரியாவால் வருவது. அதன் தேமலில் உணர்ச்சி குன்றும், வெண்புள்ளியில் குன்றாது. (தொழுநோயும் இன்று கூட்டு மருந்துகளால் குணமாகிறது, அந்நோயாளரை ஒதுக்குவதற்கும் நியாயமில்லை.) இவ்வளவு தெளிவான வேறுபாடு இருந்தும் 'வெண்குஷ்டம்' என்னும் பழம்பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. அப்பெயரே பாதி நோய் என்பது எங்கள் கருத்து.

முதலில் ஊரார் சொல்கின்றனர். நாளடைவில் அதே சொற்களை நோயாளி தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறார். கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிகிறார். புகைப்படத்துக்கு நிற்க மறுக்கிறார். திருமண வீடுகளைத் தவிர்க்கிறார். தவிர்த்த அன்று மனம் சற்று ஆறுதலடைகிறது. அந்த ஆறுதலே அடுத்த முறை அச்சத்தைப் பெருக்குகிறது. பந்தியில் அமர்ந்தோர் பெரும்பாலும் தத்தம் இலையையே பார்த்திருப்பர் என்பதை, அங்குச் செல்லாதவர் அறிய வழியில்லை.

குடும்பத்தாரிடம் ஒன்று கூற விரும்புகிறோம். "விருந்தினர் வந்திருக்கிறார்கள், உள்ளே இரு" என்று நீங்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் தன்னிடம் மறைக்கத்தக்க குற்றம் ஏதோ இருக்கிறது என்றே குழந்தை அதைப் புரிந்துகொள்ளும். பாலும் மீனும் புளிப்பும் கூடாதென விலக்குவதும் அத்தகையதே. இவ்விலக்குக்கு மருத்துவச் சான்று இல்லை; ஆனால் நாள்தோறும் மூன்று வேளையும் தட்டே அவரைத் தனிமைப்படுத்துகிறது. "அதையெல்லாம் நினைக்காதே" என்று பேச்சை முடிப்பதைவிட, "யார் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டு முழுவதும் செவிமடுப்பது நலம். "இது வெண்புள்ளி, ஒட்டாது" என்னும் சிறு விடையை வீட்டிலேயே சொல்லிப் பழகலாம். கேட்பவர் முன் தடுமாறாமல் நிற்க அது உதவும்.

களிம்பும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் பலருக்கு நிறத்தை ஓரளவு மீட்டுத் தருகின்றன. அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். நிறம் திரும்பட்டும் என்று மனத்துக்கான உதவியைத் தள்ளிப்போட வேண்டாம். இரு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ குன்றினாலும், பள்ளிக்கோ வேலைக்கோ செல்ல மறுத்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.