வண்டி நிறைந்த ஷெட், காசு தங்காத கல்லா: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தமிழ்நாட்டில் தனியாக மெக்கானிக் ஷெட் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக்கொடுத்து, இன்ஜின் இறக்கிக் கட்டக் கற்று, பிறகு சொந்தமாக ஷட்டரைத் தூக்கியவர்கள். வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். கடையை நடத்தும் வித்தையை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பழைய முதலாளி சொன்னது, பக்கத்து ஷெட்காரர் சொன்னது, ஸ்பேர் கடையில் காதில் விழுந்தது ஆகியவையே அவர்களுடைய பாடம். அவற்றில் பல இன்றைக்குப் பொருந்தாது. சில என்றைக்குமே பொருந்தியதில்லை.

அந்த நம்பிக்கைகளுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு பிழை கிடக்கிறது. லாபம் ஒரு கவலை, ஆள் நிற்பது இன்னொரு கவலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஷெட் விற்பது தேர்ந்த ஆட்களின் நேரத்தை. அந்த நேரம் வீணாகும் இடத்தில் லாபமும் நிற்காது, ஆளும் நிற்கமாட்டார்.

“ஷெட் நிறைய வண்டி நின்னா, தொழில் ஜோரா ஓடுதுன்னு அர்த்தம்”

நிற்கிற வண்டியில் காசு இல்லை. வெளியே போகிற வண்டியில்தான் இருக்கிறது. ஒரு கார் கியர்பாக்ஸைக் கழற்றிய நிலையில் லிஃப்டின் மேல் நிற்கிறது. ஸ்பேர் சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வரவேண்டும். இன்னொன்றின் சொந்தக்காரர் எஸ்டிமேட்டுக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வேலை முடிந்து, பணம் கொடுத்து எடுத்துப்போக ஆள் வராமல் கிடக்கிறது. பார்க்கிறவருக்கு ஷெட் நிறைந்திருக்கிறது. உள்ளே மெக்கானிக் இருவர் சும்மா நிற்கிறார்கள், அரை மணி நேரத்தில் ஆயில் மாற்றிக்கொண்டு போக வந்தவர் இடமில்லாமல் திரும்புகிறார்.

ஸ்பேர் கையில் வந்த பிறகு வண்டியைக் கழற்றுவது, எஸ்டிமேட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாங்கிய பிறகு லிஃப்டில் ஏற்றுவது, முடிந்த வண்டியை அன்றைக்கே எடுக்கச் சொல்வது என்ற மூன்று பழக்கங்கள் போதும். புது இடம் தேடி வாடகை கூட்டுவதற்கு முன் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

“சம்பளம்தான் பெரிய செலவு. அதைக் குறைச்சாத்தான் மிச்சம்”

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று மெக்கானிக் உள்ள ஒரு கார் ஷெட். தீபாவளி போனஸ், டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மாதம் 24,000 ரூபாய். வாடகை, கரண்ட், லிஃப்ட் வாங்கிய கடன், டூல்ஸ், உங்கள் சொந்தச் சம்பளம் எல்லாம் சேர்த்து 90,000. மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 30,000. ஆக ஒரு மெக்கானிக்குக்கு மாதம் 54,000 ரூபாய் செலவு.

26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். அதில் கஸ்டமரிடம் லேபர் வாங்கிய நேரம் எவ்வளவு? ஸ்பேருக்குக் காத்திருந்தது, கடைக்கு ஓடியது, ஒப்புதலுக்கு உட்கார்ந்தது, இல்லாத டூலைத் தேடியது எல்லாம் போக 120 மணி நேரம் என்று வைப்போம். 54,000-ஐ 120-ஆல் வகுத்தால் 450 ரூபாய். மணிக்கு 450-க்குக் கீழே லேபர் போட்டால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

இப்போது சம்பளத்தில் 4,000 குறைக்கிறீர்கள். மணிக்கான செலவு 417-க்கு இறங்குகிறது, நல்ல ஆள் மூன்றே மாதத்தில் வேறு ஷெட்டுக்குப் போகிறார். மாறாக, வேலையை ஒழுங்குபடுத்தி 120 மணி நேரத்தை 150 ஆக்குகிறீர்கள். செலவு 360-க்கு வருகிறது. அதோடு சம்பளத்தை 4,000 கூட்டியும் கொடுக்கிறீர்கள். அப்போதும் மணிக்கு 387 ரூபாய்தான். சம்பளத்தைக் குறைத்தவருக்கு ஆகும் செலவைவிடக் கூட்டிக் கொடுத்தவருக்கு ஆகும் செலவு குறைவு.

குறைந்த சம்பளத்துக்கு நம் ஊரில் இன்னொரு விலையும் உண்டு. ஸ்பேர் கடையில் மெக்கானிக்குக்குத் தனியாகப் போகும் கமிஷன், ஞாயிற்றுக்கிழமை கஸ்டமர் வீட்டுக்கே போய்ச் செய்யும் வேலை. இரண்டையும் எல்லோரும் அறிவார்கள், யாரும் பேசுவதில்லை. கமிஷனுக்காகத் தேவையில்லாத பார்ட் மாறும்போது கெடுவது ஷெட்டின் பெயர். அதைத் திட்டி நிறுத்த முடியாது. வீடு நடத்தப் போதுமான சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்பேரை முதலாளியே நேரடியாக ஆர்டர் செய்தால் நிற்கும்.

“லாபம் ஸ்பேர்ல. லேபரைப் பெருசா போடக்கூடாது”

பேக் செய்து வரும் ஒவ்வொரு பார்ட்டிலும் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். அந்த விலையைக் கஸ்டமர் போனில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுகிறார். ஸ்பேர் லாபத்துக்கு ஏற்கெனவே ஒரு மூடி போட்டிருக்கிறது என்று பொருள். கைவேலைக்கு அப்படி யாரும் விலை அச்சிடவில்லை. அதைக் குறைத்துப் போடுகிறவர் தன்னிடம் இருக்கும் ஒரே சொந்தச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கிறார்.

5,000 ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்பேர் 3,000, வாங்கியது 2,400-க்கு. லேபர் நான்கு மணி நேரத்துக்கு 2,000. மேலே பார்த்த கணக்குப்படி அந்த நான்கு மணி நேரத்துக்கு உங்கள் செலவு 1,800. ஸ்பேரில் 600, லேபரில் 200, மொத்த லாபம் 800. “அண்ணே, பாத்துப் போட்டுக்குங்க” என்று கஸ்டமர் கேட்டதும் பத்து சதவீதம் குறைக்கிறீர்கள். 800-ல் 500 போய்விட்டது. கஸ்டமருக்குக் கிடைத்தது பத்து சதவீதம், உங்கள் லாபத்தில் போனது அறுபதுக்கும் மேல்.

அதே வேலை சரியில்லை என்று வண்டி திரும்பி வந்தால் நான்கு மணி நேரம் இலவசம், 1,800 ரூபாய். இப்படிப்பட்ட இரண்டு பில்லின் லாபத்தை ஒரே ஒரு ரிட்டர்ன் வேலை தின்றுவிடும். தள்ளுபடி கொடுக்கும் காசை டெஸ்ட் டிரைவுக்குச் செலவிடுவது மேல்.

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி ஸ்பேருக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.தான், லேபருக்கு இருப்பது போலவே. முன்பு பல பார்ட்டுகளுக்கு 28 இருந்தது. பில்லில் ஸ்பேரையும் லேபரையும் தனித்தனியாகக் காட்டத் தயங்குகிறவர்களுக்கு இனி வரி வித்தியாசம் என்ற காரணமும் இல்லை.

“ஸ்கேனர் வாங்கிட்டா எந்தக் கோளாறும் தெரிஞ்சிடும்”

ஸ்கேனர் சொல்வது எங்கே பார்க்கவேண்டும் என்பதை மட்டும். பி0171 என்ற கோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினுக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டேக்கில் எங்கோ ஹோஸ் வெடித்துக் காற்று புகுந்தாலும் அதே கோடுதான் வரும். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்தாலும், பெட்ரோல் பம்பில் அழுத்தம் குறைந்தாலும், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலென்சர் குழாய் கசிந்தாலும் அதே கோடு. ஹோஸை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை, சென்சார் மாற்றிய பிறகும் திரும்பி வரும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற பி.எஸ்.6 வண்டிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. டீசல் காரின் பார்ட்டிகுலேட் ஃபில்டர் படிந்த கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். ஊருக்குள் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை, அடைத்துக்கொள்கிறது. காரணத்தைக் கேட்டு அறியாமல் கழற்றிக் கழுவினால் சில மாதத்தில் மறுபடி அடைக்கும். கஸ்டமர் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்கத் தெரிந்த மெக்கானிக்கே இங்கே உங்கள் கருவி. அவர் யோசிக்கும் நேரத்துக்கு ‘செக்கிங் சார்ஜ்’ என்று பில்லில் தனியாக ஒரு வரி போடுங்கள். “சும்மாதானே பார்த்தீங்க” என்பவருக்கு என்னென்ன பார்த்தோம் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

“வெளியே சர்வீஸ் பண்ணினா வாரண்டி போயிடும்”

கஸ்டமர் இதை நம்புவதால் புது வண்டிகள் நம் ஷெட் பக்கம் திரும்புவதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள்மீது தந்த உத்தரவை ஒவ்வொரு ஷெட்காரரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஸ்பேரையும் சோதனைக் கருவிகளையும் தனி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தது போட்டியை நசுக்கும் செயல் என்று ஆணையம் சொன்னது. 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கட்டளையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, ஷோரூம்களில் பழைய பேச்சு இன்னும் தொடர்கிறது. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் என்பதை ஆணையம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

நம் வேலையால் ஒன்று பழுதானால் அதற்கான வாரண்டியை மறுக்கக் கார் நிறுவனத்துக்கு இடம் உண்டு. ஆகவே கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் கிரேடு, பார்ட் நம்பர் மூன்றும் இல்லாத பில் ஷெட்டை விட்டு வெளியே போகக்கூடாது.

“கத்துக்கொடுத்தா எதிர்லேயே கடை போட்டுடுவான்”

என்னை அதிகம் வருத்தும் நம்பிக்கை இதுதான். இதனாலேயே எத்தனையோ ஷெட்களில் எலக்ட்ரிக்கல் வேலை வந்தால் முதலாளி மட்டும் குனிந்து பார்க்கிறார், பையன்கள் தள்ளி நிற்கிறார்கள். முதலாளிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட நிம்மதியாக லீவு எடுக்க முடியாது.

கற்றுக்கொண்டவர்களில் சிலர் தனிக்கடை போடத்தான் செய்வார்கள். நீங்களும் அப்படி வந்தவர்தானே. ஆனால் கற்றுக்கொடுக்காவிட்டாலும் துடிப்பானவர் போய்விடுவார், கற்றுக்கொள்ள முடியாத இடத்தில் அவருக்கு என்ன வேலை? நிற்பவர் வேறு வழி இல்லாதவர் மட்டுமே. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்து வருகிற பையன் வயரிங் டயக்ராம் படிக்கத் தெரிந்தவனாக வருகிறான். அவனை இரண்டு வருடம் வண்டி கழுவ வைத்தால் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறான். பிறகு “இந்தக் காலத்துப் பசங்க நிக்கறதில்ல” என்கிறோம்.

முதல் ஆறு மாதத்தில் பிரேக், அடுத்ததில் சஸ்பென்ஷன், பிறகு ஏ.சி., பிறகு ஸ்கேனர் என்று ஒரு வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் சம்பளம் இவ்வளவு கூடும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். அடுத்த வருடம் தான் எங்கே இருப்போம் என்று தெரிந்த பையன் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். தனிக்கடை போடும் அளவுக்கு வளர்ந்தவரிடம் லாபத்தில் ஒரு பங்கைப் பேசிப் பாருங்கள். அப்படியும் போனால் வாழ்த்தி அனுப்புங்கள். அவரிடம் இல்லாத லிஃப்ட் உங்களிடம் இருக்கிறது, பெரிய வேலை வந்தால் உங்களிடம்தான் அனுப்புவார்.

“அட்வான்ஸ் குடுத்து வெச்சா ஆள் எங்கேயும் போகமாட்டான்”

கடனால் நிற்கிற ஆள் மனதால் நிற்பதில்லை. நல்ல மெக்கானிக்காக இருந்தால் உங்கள் அட்வான்ஸை இன்னொரு முதலாளி கட்டி அழைத்துப்போகிறார். தேவைக்குக் கொடுங்கள், ஆனால் அதைக் கயிறாக்காதீர்கள். நாளும் தேதியும் தவறாத சம்பளம், வாரம் ஒருநாள் முழு லீவு, கஸ்டமர் முன்னால் திட்டாத வாய், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் அனுப்பாமல் ஸ்டாண்டு வைத்துத் தரும் பொறுப்பு. இவற்றுக்காக நிற்கிறவர்களே அதிகம். இதில் பாதிக்குச் செலவே கிடையாது.

“எலக்ட்ரிக் வண்டி வந்தா ஷெட்டை மூட வேண்டியதுதான்”

அதிலும் பிரேக், டயர், சஸ்பென்ஷன், பேரிங், ஏ.சி. எல்லாம் உண்டு. ஆயில் மாற்றும் வேலை குறையும், மின்சார வேலை கூடும். முறையான பயிற்சியும் இன்சுலேட்டட் கையுறையும் இல்லாமல், அதிக வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயரில் யாரையும் கை வைக்கவிடாதீர்கள்.

“சின்ன ஷெட், நாலு பேர். இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்”

இ.எஸ்.ஐ. 10 பேராவது உள்ள இடத்துக்குத்தான் கட்டாயம் என்பது உண்மை. அதனால் வழியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலான யாரும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு எடுக்கலாம். தமிழக அரசிடம் நம் தொழிலுக்கென்றே அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அதில் உண்டு. உங்களிடம் வேலை பார்க்கிற ஒவ்வொருவரின் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய அரை நாள் ஆனால் அந்த அரை நாளுக்கும் சம்பளம் கொடுங்கள்.