எழுத்துக்கு இலச்சினை

பொருநையாறு கடலொடு கலக்கும் முகத்திலே பண்டைநாளில் கொற்கை என்னும் பட்டினம் பொலிந்து விளங்கிற்று. பாண்டியரின் முத்துத்துறை அதுவே. இன்று ஆங்குச் செல்வோர் கடலைக் காணார். ஆறு கொணர்ந்த வண்டல் ஊருக்கும் கடலுக்கும் இடையே நிலமாகப் படிந்துவிடவே, பட்டினம் சிற்றூராயிற்று. வயலும் வாழையும் சூழ்ந்த அவ்வூர் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1968–69 இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தெடுத்த கரியைச் சோதித்தபோது, அது கி.மு. 785 அளவினது எனத் தெரியவந்தது.

அவ்வூர்ப் பக்கத்தில் அக்கசாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. அக்கசாலையாவது நாணயம் அடிக்கும் இடம். பாண்டியர் தம் காசிலே கயல் பொறித்தனர். சோழர் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டப் பொதிகளின்மீது புலி பொறித்தனர் என்று பட்டினப்பாலை கூறும். பொருள் இன்னாருடையது என்று காட்டுவதும், இடையிலே எவரும் கை வைக்கவில்லை என்று காட்டுவதும் பொறியின் இரு பயன்கள். ஓலைக்கும் இவ்வாறே பொறியிட்டனர். எழுதிய ஓலையைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் மண்ணை அப்பி இலச்சினை ஒற்றுவர். இடையில் ஒருவன் பிரித்தால் மண் உடைந்துவிடும். உடைந்த மண் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மாணவர்களே! இக்காலத்தில் நீங்கள் ஓலையில் எழுதுவதில்லை. இணையத்தில் எழுதுகிறீர்கள். ஊர்த் திருவிழாவைப் பற்றியோ, குளத்துக்கு வரும் பறவைகளைப் பற்றியோ நீங்கள் இங்கே எழுதுவதைச் சிங்கப்பூரில் இருப்பவரும் அப்பொழுதே படிக்கின்றார். நன்று. ஆயினும், அவ்வெழுத்துக்கு இலச்சினை உண்டா? எழுதிய உங்களைப் பற்றி அது யாது சொல்லிவிடுகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணச் சிலப்பதிகாரத்தில் வரும் ஒரு முடங்கலே போதும்.

கோவலன் மதுரைக்குச் செல்லும் வழியில் தங்கியிருந்தபோது, கௌசிகன் என்னும் அந்தணன் மாதவியின் முடங்கலைக் கொணர்ந்து கொடுத்தான். மாதவி தன் கூந்தலையே பொறியாக மண்ணில் ஒற்றியிருந்தாள். கோவலன் அதனை உடனே பிரித்தானல்லன். உடன் வாழ்ந்த காலத்தில் அவள் கூந்தலில் பூசிய நெய்யின் மணம் அம்மண்ணில் இருந்தது. பிரிக்குமுன்னரே அம்மணத்தால் எழுதியவள் இன்னாள் என அவன் அறிந்துகொண்டான்.

இங்குச் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். எழுத்து சொல்லாததை இலச்சினையின் மணம் சொல்லிவிட்டது. அன்புடையவன் கையில் அம்மணம் அடையாளமாயிற்று. பகைவன் கையில் அதுவே துப்பாகியிருக்கும். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுத்து வெளியிடும் படங்களிலும் இத்தகைய மணம் உண்டு. தடுத்து வைக்காவிடின், படம் எடுத்த நாளும் நேரமும் மட்டுமின்றி, நின்ற இடத்தின் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் அக்கோப்பினுள் பதிந்துவிடும். வீட்டுத் திண்ணையில் பூனை உறங்கும் படத்தை ஒருவர் வெளியிடுகின்றார். காண்பவர் பூனையை மட்டுமே காண்கின்றார் என்பது அவர் எண்ணம். தேடத் தெரிந்தவனோ வீட்டைக் காண்கின்றான். பள்ளிச் சீருடை, பேருந்தின் பெயர்ப்பலகை, வண்டியின் எண், அடுத்த வாரம் குற்றாலம் செல்கின்றோம் என்னும் மகிழ்ச்சி ஆகியனவும் அத்தகையனவே. தனித்தனியே பார்த்தால் இவை ஒன்றுமில்லை. கூட்டிப் பார்த்தால் ஒருவரின் முகவரியாகிவிடும்.

இஃது அச்சமூட்டும் பேச்சன்று. இவ்வாற்றங்கரையிலேயே, முறப்பநாட்டில், ஆற்று மணல் திருடப்படுவதைக் குறித்துப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், 2023 ஏப்ரல் 25 அன்று தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவர் அவ்வாண்டே ஆயுள் தண்டனை பெற்றனர். அவர் பதவியால் வெளிப்பட நின்றவர். பெயரை மறைத்துக்கொள்ளும் வழி அவருக்கு இல்லை. ஆனால் ஆற்றின் நிலையைக் குறித்து இணையத்தில் உண்மையை எழுதப் புகும் ஓர் இளைஞர்க்கு அவ்வழி உண்டு. புனைபெயரில் எழுதுதல் கோழைமையன்று. முகவரியை மறைத்துக்கொண்டு உண்மையை மறையாது எழுதுவோரும் உளர். முகவரியை எல்லாம் காட்டிவிட்டு உண்மையை மட்டும் மறைப்போரும் உளர். இவருள் எவர் மேலானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்து நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தனர். கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதியரசராய் இருந்து ஓய்வுபெற்ற புட்டசாமி என்னும் முதியவர் தொடுத்த வழக்கு அது.

முடங்கலின் கதை இன்னும் முடியவில்லை. அதனைப் படித்த கோவலன், அதன் பொருள் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதாய் இருத்தலைக் கண்டு, அதனை அவர்களிடம் காட்டுமாறு சொல்லிக் கௌசிகனிடமே கொடுத்துவிட்டான். மாதவி எழுதியது கோவலனுக்கு. படிப்போர் அவன் தந்தையும் தாயும்! அவளை எவரும் கேட்கவில்லை. அம்முடங்கலில் பெரியோர் காணத் தகாதது ஒன்றும் இல்லாமையால் தீங்கு நேரவில்லை. நண்பனுக்கு மட்டும் என்று நாம் அனுப்பும் செய்தியும் படமும் இவ்வாறே கைம்மாறிச் செல்லும். அனுப்பிய பின் அழித்துவிட்டேன் என்பார் சிலர். அழிந்தது அவர் கைப்பேசியில் மட்டுமே.

இனிப் பூட்டைப் பற்றிச் சொல்வேன். கோவலன் இறந்தது எதனால்? அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், அதுபோன்ற சிலம்பு ஒன்று கோவலன் கையில் இருப்பதைக் கண்டு, பழியை அவன்மேல் ஏற்றினான். வெளித்தோற்றம் ஒன்றாய் இருந்தது. அரசன் அதற்குமேல் ஆராயவில்லை. கண்ணகி வழக்குரைக்க வந்தபோது வாயில் காவலன் அரசனைக் கொற்கைக்கு உரியவனாகவே விளித்து வாழ்த்துகின்றான். முத்துக்குப் பெயர்பெற்ற அக்கொற்கைக்கு உரியவன் தன் தேவியின் சிலம்பில் முத்துப் பரல் இருந்ததை அறிவான். கண்ணகியின் சிலம்பை உடைத்தபோது தெறித்ததோ மாணிக்கம். உள்ளிருப்பதை முன்னரே ஒருமுறை பார்த்திருந்தால் ஓர் உயிரும், அதைத் தொடர்ந்து ஒரு நகரமும் அழிந்திரா.

இக்கதையை நாற்பது ஆண்டு வகுப்பில் நடத்திய யானே வெளித்தோற்றத்தில் ஏமாந்தேன். ஓய்வுபெற்றபின், பொருநைப் படித்துறைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதி இணையத்தில் வெளியிட்டு வந்தேன். ஒருநாள் மின்னஞ்சல் ஒன்று வந்தது. இன்றே உறுதிசெய்யாவிடின் உமது பக்கம் மூடப்படும் என்றிருந்தது. பதறிப்போய், அது காட்டிய இடத்தில் கடவுச்சொல்லை இட்டேன். வழக்கமான அதே நிறம், அதே எழுத்து. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்ததைப் பின்னர் என் பெயர்த்திதான் காட்டினாள். பக்கத்தில் பூட்டுக்குறியும் இருந்ததே என்றேன். வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கே அப்பூட்டு அடையாளம். மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்பதற்கு அன்று என்றாள். மறுநாள் என் படித்துறைகள் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் நின்றது. மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்லை வைத்திருந்தமையால் அதுவும் உடன் போயிற்று.

அதன்பின் யான் கற்றவை இவை. கடவுச்சொல் நீளமாய் இருத்தல் வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நினைவில் வைப்பதும் எளிது. ஒவ்வோரிடத்துக்கும் தனிச்சொல் வேண்டும். ஊர்ப்பெயர், பிறந்தநாள், பெயர்த்தியின் பெயர் ஆகியவை ஆகா. (என் கடவுச்சொல் யாதென இப்போது ஊகித்திருப்பீர்கள்.) கடவுச்சொல்லோடு, கைப்பேசியில் தோன்றும் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும். சிலம்பின் உட்பரலைப் பார்ப்பது போன்றது அது. அந்த எண்ணாகிய ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. வங்கி அதிகாரி என்பவருக்கும் இது பொருந்தும். பக்கத்தை இயக்கும் மென்பொருளில் ஓட்டை கண்டபோதெல்லாம் அதனைச் செய்தோர் திருத்தம் வெளியிடுவர். அத்திருத்தத்தை நாள் கடத்தாமல் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். பிறர் கடவுச்சொல்லைக் களவாய்ப் பயன்படுத்துவோர்க்கு, 2000 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

படி எடுத்து வைத்தலை இறுதியாகவே கற்றேன். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடிக் கொற்கைக்கு அருகிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். ஓரிடத்தில் சிதைந்த பகுதி மற்றோர் இடத்துப் படியில் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. என் கட்டுரைகளுக்கோ இணையத்தைத் தவிர வேறு படி இல்லை. பக்கம் பல வாரங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்தது, கட்டுரைகள் கிடைக்கவில்லை. பழைய குறிப்பேடு ஒன்றில் கையால் எழுதி வைத்திருந்த பதினொரு படித்துறைகளை மட்டும் மீட்டேன். மற்றவற்றுக்காக மீண்டும் கரையோரம் நடந்துகொண்டிருக்கிறேன்.