எண்ணுவதற்கு முன் வரையறு

தம்பி,

ஒரே 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாம்பிளுக்கு உனக்குக் கிரெயின் சைஸ், அதாவது உலோகத்தின் படிகத் துகள்களின் அளவு எண், 8 வந்தது, உன் சீனியருக்கு 7 வந்தது. யார் சரி என்று கேட்டிருக்கிறாய். எதைக் கிரெயின் என்று எண்ணினீர்கள் என்று இருவரும் சொல்லாதவரை இரண்டு எண்ணுக்கும் மதிப்பில்லை.

இது சின்ன வித்தியாசமும் அல்ல. ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பின் கணக்கில், நூறு மடங்கு பெருக்கத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 64 கிரெயின் என்றால் 7; 128 என்றால் 8. ஓர் எண் ஏறினால் கிரெயின்கள் இரு மடங்காகின்றன.

எதை எண்ணுவது என்று முதலில் வரையறுப்பதற்கு உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டை நின்று படித்திருப்பாய். பராந்தகச் சோழன் காலத்தில், 919இல் உத்திரமேரூர்ச் சபை, குடத்திலிருந்து பெயர் ஓலை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு விதி வகுத்தது; 921இல் அதைத் திருத்தியது. வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்று வரையறுத்த பிறகே ஓலை எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பின் முன் உட்காரும்போது அந்த ஒழுங்கு உனக்கும் வேண்டும்.

304இல் கிரெயினுக்குள்ளேயே நேர்நேராக, இணையாக ஓடும் கோடுகள் தெரியும். அவை ட்வின் எல்லைகள், அதாவது ஒரே கிரெயினுக்குள் கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த பகுதிகளின் ஓரங்கள். ஏ.எஸ்.டி.எம்.மின் ஈ112 தரவிதி அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீ சேர்த்திருந்தால் கிரெயின் பொடியாகத்தான் தெரியும். உன் 8க்குக் காரணம் அதுவாக இருக்கலாம். சீனியர் பார்த்தபோது எட்சிங், அதாவது எல்லைகளை வெளிக்காட்டும் அமில அரிப்பு, குறைந்து பாதி எல்லைகள் தெரியாமல் போயிருந்தால், அவருடைய 7உம் தப்பு. 60 சதவீத நைட்ரிக் அமிலத்தில், குறைந்த வோல்டேஜில் எலக்ட்ரோலிட்டிக் எட்சிங் செய்து பார். ட்வின்கள் பெரும்பாலும் மறைந்து, கிரெயின் எல்லைகள் மட்டும் நிற்கும்.

இன்னொன்று. நீ பார்ப்பது வெட்டுமுகம். எல்லாக் கிரெயினும் ஒரே அளவாக இருந்தாலும், சிலவற்றை நடுவிலும் சிலவற்றை ஓரத்திலும் வெட்டியிருப்பாய். அதனால் ஒரே இடத்தைப் பார்த்து எண் சொல்லாதே. பொடியும் பெரிதும் கலந்து கிடந்தால் சராசரி பொய் சொல்லும்; இரண்டையும் தனித்தனியாக எழுது.

இந்த எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள். சாதாரண வெப்பத்தில் பொடிக் கிரெயின் வலிமை தரும். கடும் சூட்டில் நீண்ட காலம் பாரம் தாங்கப் பெரிய கிரெயினே நல்லது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 316 ஸ்டீலின் கிரெயின் சைஸை அல்ட்ராசோனிக் அலையின் வேகத்தைக் கொண்டே மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட முறைக்கும் அளவுகோல், யாரோ ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் எண்ணிய எண்தான்.

ஆகவே அடுத்த ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதே. எந்த எட்சிங், எத்தனை மடங்கு பெருக்கம், எத்தனை இடங்கள், எந்த முறை, ட்வினை விட்டாயா சேர்த்தாயா, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடு.